ஒரு மீன்பாரும் பதினெட்டுப் படகும்

ரத்னா: ...அதெல்லாம் அப்பால. மூச்சச் சொல்லு மொதல்ல. வாயில குழாயக் கடிச்சுக்கினு எம்மா நேரம் கெடப்பே கடலுக்குள்ள?

கயல்: முக்கால் மணி நேரம் இருக்கலாம் அத்த. ஆழம் போகப் போக காத்து சீக்கிரம் தீந்துடும்.

ரத்னா: நடுவுல தும்மல் வந்தா?

கயல்: குழாய்க்குள்ளயே தும்மிக்க வேண்டியதுதான்.

ரத்னா: கலீஜு. இத்தக் கத்துக்கத்தான் எட்டு மாசம் தேசம் தேசமா சுத்துனியா? தி.நகர்ல ஏசி ஜவுளிக்கடை, பில்லு போடுற வேலை, உக்கார நாற்காலி... அந்த வேலைய எவளாவது வுடுவாளா?

கயல்: நாற்காலி இருந்துச்சு. உக்காரத்தான் வுடமாட்டாங்க.

ரத்னா: ம்... நீ போன மறுவாரமே உனுக்கு ரெண்டு கதை கட்டி வெச்சேன். ஒண்ணு, துபாய் மாப்பிள்ளை. இன்னொண்ணு... வுடு, வயசுப் பொண்ணுகிட்ட சொல்ற மாரி இல்ல.

கயல்: அது எனக்குத் தாய்லாந்துக்கே வந்து சேந்துச்சு. மூணு பேர் போன் பண்ணாங்க. மூணு பேரும், 'ரத்னாக்கா சொல்லுச்சு, வெளிய சொல்லாத'ன்னுதான் ஆரம்பிச்சாங்க.

ரத்னா: பாத்தியா, சொல்லாதன்னு சொல்லித்தான் சொல்லிக்கீறேன். ...அந்தக் கூடைய இப்பிடித் தள்ளு. வெயில் ஏறுது. ஐஸ் கரைஞ்சா சங்கரா மீனுக்குக் கண்ணு வெளுத்துடும். அப்பால பெசன்ட் நகர் மேடமுங்க கிட்டகூட வர மாட்டாங்க.

கயல்: கூடை தள்ளவா கூப்ட்டே என்னை?

ரத்னா: பேசத்தான். நாளைக்குச் சாயந்தரம் கோயிலாண்ட ஊர்க்கூட்டம். ஆம்பளைங்க கூட்டத்துல ஒரு பொண்ண நிக்க வெச்சுக் கேக்குறது இந்தக் குப்பத்துல இதான் மொத வாட்டி. நீ இன்னா சொல்லப் போறே?

கயல்: பஞ்சாயத்தாருக்கு முந்தாநாளே சொல்லிட்டேன். நைனாவோட மீன்பார் இருக்கிற எடம், நான் போனுக்கு எழுதுன ஆப்லேருந்துதான் வெளிய போச்சு. தப்பு என்னுது. அவ்ளோதான்.

ரத்னா: அவ்ளோதானா? அடியே, அது சும்மா பாறையா? கடலுக்கடியில மீனெல்லாம் வந்து ஒதுங்குற எடம். மேலேருந்து பாத்தா ஒரு மண்ணும் தெரியாது. உங்க குடும்பம் கண்டுபுடிச்சது, உங்க குடும்பத்துக்கு. கூட வலை இழுக்கிற ஆளையே உங்க நைனா நேரா கூட்டினு போவ மாட்டாரு. சுத்திச் சுத்தி எடுத்துனு போயி, அவனுக்குத் தலை கிறுகிறுத்தப்புறம்தான் வலைய எறக்குவாரு. அடுத்தவன் பாரை யாரும் கேக்கக் கூடாது, பின்னால போவக் கூடாது. கேட்டாலே அசிங்கம்.

கயல்: தெரியும் அத்த.

ரத்னா: தெரிஞ்சு இன்னா? போன சனிக்கிழமை விடியக்காலையில பதினெட்டு படகு அங்க போய் நின்னுச்சு. வலை மேல வலை வுழுந்து, ஒருத்தன் வலைய ஒருத்தன் அறுத்து, டில்லிபாபு மண்டையில மூணு தையல்.

கயல்: எப்பிடிடா தெரியும் உங்களுக்குன்னு கேட்டா, பதினெட்டு பேரும் ஒரே பதில். 'முன்னால ஒரு படகு போச்சு, பின்னால போனோம்.'

ரத்னா: அப்பிடித்தான் சொல்லுவானுங்க. அடுத்தவன் பாரைத் தேடினு போனேன்னு எவன் ஒத்துக்குவான்? அதுக்குள்ள நீதான் நடுவுல பூந்து, 'நான்தான், நான்தான்'ன்னுட்டே. இனிமே குப்பத்துல யார் போன்லயும் உன் ஆப் இருக்கக் கூடாதுன்னு நாளைக்கு முடிவெடுக்கப் போறாங்களாம்.

கயல்: கேள்விப்பட்டேன்.

ரத்னா: எட்டு மாசம் ஒழைச்சது.

கயல்: ...ம்.

ரத்னா: அழுவுறியா?

கயல்: இல்ல. ஐஸ் தண்ணி தெறிச்சுச்சு.

ரத்னா: சரி. மொதல்லேருந்து சொல்லு. நாளைக்கு எவனாவது ஏடாகூடமா கேட்டா, பக்கத்துல நின்னு நான் ஒரு வார்த்தை பேச வாணாமா? நீ மொதல்ல போன அந்தமான்ல ஆரம்பி. டைவிங் யாரு கத்துக் குடுத்தது, வெள்ளைக்காரனா?

கயல்: தூத்துக்குடிக்காரங்க. ஜெயஸ்ரீன்னு பேரு.

ரத்னா: பொம்பளையா... கதை இங்கயே சப்புன்னு ஆவுதே.

கயல்: மொத நாளே அவங்ககிட்ட திட்டு வாங்குனேன். நான் மீனவப் பொண்ணு, கடலெல்லாம் எனக்குப் பழக்கம்னு பெருமை பேசிக்கினு எறங்குனேன். எறங்குனதும் மூச்ச அடக்கிட்டேன்.

ரத்னா: தண்ணிக்குள்ள போனா அடக்கத்தான வேணும்?

கயல்: அதான் கூடாது. முதுகுல சிலிண்டர் இருக்கும்போது மூச்சு நிக்கவே கூடாது. அடக்கிக்கினு மேல வந்தா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலே கிழிஞ்சுடும். எனக்குச் சின்ன வயசுலேருந்து முங்கி முங்கி அடக்குறதுதான் பழக்கம். கூட ஒரு ஜெய்ப்பூர்க்காரன் வந்திருந்தான். அதுக்கு முன்னாடி கடலையே பாத்ததில்லையாம். அவன் மொத நாளே பாஸ். எனக்கு மூணு நாள் ஆச்சு.

ரத்னா: கடலப் பாக்காதவன் பாஸு, முருகையன் பொண்ணு பெயிலு. இத்த ஏன்டி அப்பவே போன்ல சொல்லல? துபாய் மாப்பிள்ளைய வெச்சு எட்டு மாசம் ஓட்டுனேனே.

கயல்: உனக்கு அனுப்புனா ஊருக்கே அனுப்புன மாரி இல்ல?

ரத்னா: கேளு, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்தச் சங்கராவ முப்பது வருசமா விக்கிறேன். இப்பிடி சிவப்பா செத்துக் கெடக்கிறதத்தான் பாத்துக்கீறேன். உசுரோட, உள்ள ஓடிக்கினு இருக்கும்போது எப்பிடி இருக்கும்?

கயல்: சிவப்பே இருக்காது அத்த.

ரத்னா: இன்னாது?

கயல்: ஆழத்துல சிவப்பு தெரியாது. வெயில்ல இருக்கிற சிவப்ப மேல இருக்கிற தண்ணியே குடிச்சுடும். கீழ எல்லாம் சாம்பல் கலர்தான். டார்ச் அடிச்சா, அடிச்ச எடத்துல மட்டும் திடீர்னு சிவப்பு வரும். டார்ச்ச எடுத்தா திரும்பவும் சாம்பல்.

ரத்னா: அப்போ இதுங்களுக்கே தான் சிவப்புன்னு தெரியாதா?

கயல்: தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்.

ரத்னா: ...பாவம். சரி, தாய்லாந்துக்கு வா.

கயல்: ஒரு தீவு. காலையில டைவிங் கடையில சிலிண்டர் கழுவுவேன், காத்து ரொப்புவேன். அதுக்குப் பதிலா கடலுக்குச் சும்மா கூட்டினு போவாங்க. அங்க பவளப்பாறை மேல பழைய வலைங்க மாட்டிக்கினு கெடக்கும், யாரோ எப்பவோ அறுத்துட்டுப் போனது. வாரத்துல ஒரு நாள் கத்தி எடுத்துக்கினு போயி அத்த அறுத்து எடுப்போம்.

ரத்னா: வலை போடுறவன் பொண்ணு போயி வலைய அறுத்தியா?

கயல்: ஒரு வாட்டி முடிச்சப் பாத்தேன். நைனா போடுற மாரியே முடிச்சு. எந்த நாட்டு வலையோ. உள்ள ஒரு ஆமை மாட்டிக்கினு கெடந்துச்சு. அன்னிக்குத்தான் தோணுச்சு. வலை எங்கெங்க மாட்டுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, ஒருத்தர் வலை போனாலும் அடுத்தவர் வலை போவாது இல்ல?

ரத்னா: அதுக்கு ஆப். அத்த யாரு கத்துக் குடுத்தது? இதுவாச்சும் ஆம்பளையா?

கயல்: ஆம்பளைதான். பிரேசில்காரன். தியாகோன்னு.

ரத்னா: அப்பிடி வா. கல்யாணம் ஆயிடுச்சா?

கயல்: ஆயிடுச்சு. இன்னொரு ஆம்பளையோட.

ரத்னா: ...சரி. மேல சொல்லு.

கயல்: அப்போ மழைக்காலம். படகு போவாது, மத்தியானமெல்லாம் வேலை இல்ல. அவன் அங்க உக்காந்துக்கினே ஏதோ கம்பெனிக்கு ப்ரோகிராம் எழுதுறவன். நான் பி.காம். கம்ப்யூட்டர்ல பில்லு போட்டதோட சரி. ஒரு பட்டனைத் திரையில நடுவுக்குக் கொண்டாரவே ஒரு வாரம் ஆச்சு. கரண்டு போவும். உப்புக்காத்துல லேப்டாப் பட்டனெல்லாம் ஒட்டிக்கும். ஒருவழியா மேப் வந்துச்சு. நம்ம கடல்ல ஒரு புள்ளி வெச்சுப் பாத்தேன். அது போய் வட துருவத்தாண்ட, பனிக்கட்டி மேல நின்னுச்சு.

ரத்னா: அங்க ஏன் போச்சு?

கயல்: எடத்துக்கு ரெண்டு எண் உண்டு. நமக்குப் பதிமூணு, எம்பது. நான் எம்பது, பதிமூணுன்னு மாத்திப் போட்டுட்டேன்.

ரத்னா: நம்மாளுங்க அத்த நம்பி ஸ்வெட்டர் போட்டுக்கினு கெளம்பியிருப்பானுங்க. ...கயலு, இந்த ஆப் இருக்குதே, யாரு பாத்தா, யாரு யாருக்கு அனுப்பிச்சான்னு அதுவா எழுதி வெச்சுக்குமா?

கயல்: எதுக்குக் கேக்குறே?

ரத்னா: சும்மா. நாளைக்குக் கேட்டாங்கன்னா.

கயல்: வலை மாட்டுற எடம் மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். அவங்கவங்க பார் அவங்கவங்களுக்கு மட்டும். அதுக்குப் பூட்டு போட்டிருக்கேன். நைனா அவரு போன்ல ஆப் போட்டுக்கினாருன்னு தெரிஞ்சப்புறம்தான் மத்த பத்தொம்பது பேரும் நம்பிப் போட்டாங்க.

ரத்னா: பூட்டு இருந்தும் எப்பிடி வெளிய போச்சு?

கயல்: படகுங்க போறதுக்கு ரெண்டு நாள் முன்னால, வியாழக்கிழமை நைனா படகுல போய் அவரு பார்ல எறங்குனேன் இல்ல...

ரத்னா: அந்தத் தாடிக்காரப் பையனோட.

கயல்: நதீம். ராயப்பேட்டை. ஈசிஆர்ல டைவிங் சொல்லித் தராரு. தனியா எறங்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். அது விதி.

ரத்னா: நல்ல விதி.

கயல்: அத்த...

ரத்னா: நான் ஒண்ணும் சொல்லலியே. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல டீ குடிச்சதக்கூட நான் யார்கிட்டயும் சொல்லல.

கயல்: ஒரு கிளாஸ்தான் இருந்துச்சு படகுல.

ரத்னா: அதான் சொல்லல. அந்தப் பையனுக்கு மட்டும் உங்க நைனா எடத்தக் காட்டுனாராக்கும்?

கயல்: எங்க? நதீம் போனை நைனா வாங்கி டிபன் டப்பாவுல போட்டு மூடிட்டாரு. அப்பால ஒரு மணி நேரம் சுத்து சுத்துன்னு சுத்துனாரு. நதீம் ரெண்டு வாட்டி வாந்தி. எறங்குனப்போ மேல ஒரே கலங்கல். கை நீட்டுனா கை தெரியல. கீழ போனதும் தண்ணி தெளிஞ்சுடுச்சு. பாறை மேல ஒரு வலை, பாதி மூடிக்கினு கெடந்துச்சு. ரெண்டு வருசம் முன்னால நைனா தொலைச்ச வலை.

ரத்னா: அவரு சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாள் படுத்துக் கெடந்தாரே, அந்த வலையா?

கயல்: அதேதான். நான் அறுத்து எடுக்கும்போது தண்ணி பூராத டப்பாவுல வெச்சிருந்த என் போன்ல நதீம் ஒரு படம் எடுத்தாரு. மேல வந்து வலையக் குடுத்தேன். நைனா கரைக்கு வர்ற வரைக்கும் அந்தப் படத்தையே பாத்துக்கினு வந்தாரு. அவரு பாக்கட்டும்னு ஆப்ல அந்த எடத்துலயே படத்தப் போட்டு வெச்சேன். படத்த வெளிய அனுப்புனா எடமும் கூடவே போவும். அந்த வழிய எடுக்க மறந்துட்டேன். வாசலுக்குப் பூட்டு போட்டுட்டு ஜன்னலத் தொறந்து வெச்ச கதை. இப்ப மூடிட்டேன். மூடி என்ன...

ரத்னா: ஆமா, படத்தத் தொட்ட ஒடனே மேப் வந்து நிக்குதே.

கயல்: தொட்டுப் பாத்தியா?

ரத்னா: சொன்னாங்க. சொன்னாங்கடி.

ரூபீனா: ரத்னாம்மா, சங்கரா எப்படி இன்னிக்கு?

ரத்னா: வாங்க ரூபீனா மேடம். காலையில வந்தது, செவுள் பாருங்க, ரத்தமா கீது. பையன் பரீட்சை முடிஞ்சுதா? மாமியார் ஆம்பூருக்குப் போயாச்சா?

ரூபீனா: போயாச்சு, போயாச்சு. ஒரு கிலோ போடுங்க. ...இது கயல்தானே? தண்ணிக்கடியில வலை அறுக்கிற படம் பார்த்தேன்மா. எங்க அபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் காட்டினேன். நம்ம பீச்சுல இருக்கிற பொண்ணுன்னா நம்ப மாட்டேங்குறாங்க.

கயல்: தேங்க்ஸ்ங்க. உங்களுக்கு எப்பிடி...

ரத்னா: மேடம், சுத்தம் பண்ணட்டா, முழுசாவே வேணுமா?

ரூபீனா: சுத்தம் பண்ணிடுங்க. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, பையனை ஸ்கூலுக்குக் கிளப்பிட்டு இருக்கேன், ரத்னாம்மாகிட்ட இருந்து படம். நான்கூட வஞ்சிரம் வந்திருக்குன்னு அனுப்பியிருக்காங்களாக்கும்னு...

ரத்னா: ரெண்டு மீனு சேத்தே போட்டுட்டேன் மேடம். முழுசா எடுத்துனு போங்க, கத்தி மொண்ணையா கீது இன்னிக்கு. உங்க ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான் பாருங்க.

ரூபீனா: நான் நடந்துல்ல வந்தேன். ...சரி, வரேன். வரேன்மா கயல்.

கயல்: வாங்கக்கா.

ரத்னா: ...அந்தம்மாவுக்குக் கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி. இன்னாமோ சொல்லிச்சே, காதுல வுழுந்துச்சா உனுக்கு?

கயல்: காது இன்னும் அடைச்சுக்கினுதான் கீது அத்த. டைவிங் போய் வந்தா அப்பிடித்தான்.

ரத்னா: எது வுழுந்துச்சு, எது வுழல?

கயல்: விக்கிறதப் பாரு. ஆளு வருது.

ரத்னா: ஆளு வரல. ...கயலு, இப்பவாச்சும் சொல்லு. யாரு அனுப்பிச்சதுன்னு அந்த ஆப் காட்டுமா, காட்டாதா?

கயல்: மொதல்ல எந்தப் போன்லேருந்து வெளிய போச்சுன்னு காட்டும். அப்பால அது கை மாறி கை மாறி எங்க போச்சுன்னு காட்டாது.

ரத்னா: மொதல்ல எந்தப் போனு?

கயல்: என்னுது.

ரத்னா: உன்னுதா?

கயல்: ஆமா.

ரத்னா: இந்தக் குப்பத்துல ஓடுற பொய்யில பாதி என் வாயிலேருந்து கெளம்புனது. பொய்யி வரும்போது மூஞ்சி எப்பிடிப் போவும்னு எனக்குத் தெரியும்டி.

கயல்: என்னுதுன்னு பஞ்சாயத்தாருக்குச் சொல்லியாச்சு. அத்தோட வுடு அத்த.

ரத்னா: அண்ணன் ஒரு வாரமா உன்கூடப் பேசல. சுவத்தப் பாத்துக்கினு உக்காந்து வலை தச்சுக்கினு கீறாரு. பொண்ணு பாரைக் காட்டிக் குடுத்துட்டா, அந்தக் கோவம்னு ஊரே பேசுது. நானும் பேசுனேன்.

கயல்: கோவம் இல்ல. என் மூஞ்சப் பாக்க முடியல அவரால.

ரத்னா: ஏன்?

கயல்: ...வெள்ளிக்கிழமை காலையில அஞ்சேகால் மணி. நைனா போன்லேருந்துதான் போயிருக்கு. ஒரே ஒரு வாட்டி. யாருக்குன்னு ஆப் சொல்லாது. நானும் அவரக் கேக்கல. கேட்டா ஆமாம்பாரு. அப்பால கூட்டத்துலயும் எழுந்து நின்னு ஆமாம்பாரு. முப்பத்தஞ்சு வருசம் கூட வர்ற ஆளுக்கே காட்டாம காப்பாத்துன எடம். அந்த எடத்த அவரே போன்ல அனுப்பிட்டாருன்னு ஊரு சிரிச்சா, மறுநாள் படகத் தள்ள எவனக் கை கொடுக்கச் சொல்லிக் கூப்பிடுவாரு? என்னைச் சொன்னா, படிச்ச திமிரு, அனுபவம் இல்லன்னு திட்டிட்டு வுட்டுடுவாங்க. ஆப் போனா போவட்டும். வேற எழுதிக்கலாம்.

ரத்னா: வேற எழுதுனா யாரு போட்டுக்குவா?

கயல்: ...யாரும் மாட்டாங்க. தெரியும்.

ரத்னா: தெரிஞ்சுக்கினே போயி நிக்கப் போறே.

கயல்: எனக்கு ஒண்ணுதான் புரியல அத்த. நான் போனதுலேருந்து என்னைப் பத்தி ஒரு ஆள்கிட்டயும் அவரு வாயத் தொறந்ததில்ல. அப்பிடிப்பட்டவரு, விடியறதுக்குள்ள எழுந்து, கண்ணாடியத் தேடிப் போட்டுக்கினு, யாருக்கு அனுப்பியிருப்பாரு?

ரத்னா: எட்டு மாசமா ஒருத்தி தெனம் வாசல்ல நின்னு அவரக் கேட்டா. பொண்ணு எங்கண்ணே, யாரோட போனா, வருவாளா மாட்டாளா, வயித்துல கியித்துல... அவரு ஒரு நாளும் பதில் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கினு தாண்டிப் போவாரு. அன்னிக்கு விடியக்காலையில அவளுக்கு அந்தப் படம் வந்துச்சு. கூடவே குரல்ல ஒரே ஒரு பேச்சு. 'இப்பக் கேளு ரத்னா, எம்பொண்ணு எங்கன்னு.'

கயல்: அத்த...

ரத்னா: இரு, முடிச்சுக்கிறேன். ஒக்காந்து அழுதேன்டி. மெய்யாலுமே. நம்ம பொண்ணு, அவ்ளோ கீழ, அப்பன் வலைய எடுக்குறா. தாங்கல எனக்கு. மீனு வாங்குற மேடமுங்க பத்து பேருக்கு அனுப்பிச்சேன். அத்தோட நிறுத்தியிருந்தா ஒண்ணுமில்ல. எந்தம்பி அறிவுக்கும் அனுப்பிச்சேன். வெளிய சொல்லாதடான்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். மறுநாள் அங்க போன மொத படகு அவனுது. அவன் வாயத் தொறக்க மாட்டான், நானும் தொறக்கல. ஆப் யாரைக் காட்டுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் உன்னை இன்னிக்கு வரச் சொன்னதே.

கயல்: ரூபீனாக்கா சொன்னப்பவே நெனச்சேன். நைனா உனக்குத்தான் அனுப்பியிருப்பாருன்னு மட்டும் தோணல. ...இத்த நீ நாளைக்குச் சொல்ல வாணாம் அத்த. சொன்னா, உனுக்கு யாரு குடுத்தாங்கன்னு அடுத்த கேள்வி வரும். நைனா பேருதான் நிக்கும்.

ரத்னா: ஏன் நிக்கும்? நீ போனை சார்ஜுல போட்டுட்டுக் குளிக்கப் போனே. பக்கத்து வூட்டு ரத்னா உள்ள பூந்து, போனை எடுத்து நோண்டி, படத்த அவளுக்கு அவளே அனுப்பிக்கினா. உன் ஆப் மேல தப்பில்ல, பூட்டு மேல தப்பில்ல, முருகையன் எனுக்கு எதையும் அனுப்பவே இல்ல. நாளைக்கு ஊரு முன்னால நின்னு இப்பிடித்தான் சொல்லப் போறேன். நீ மட்டும் வாயத் தொறக்காம நில்லு. ரத்னா இப்பிடிப் பண்ணியிருக்க மாட்டான்னு சொல்ல, இந்தக் குப்பத்துல ஒரு ஆளு கீதா, சொல்லு?